நார்மல் என்று எழுதியிருந்த மூளை

நார்மல் என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு தடவையா, இரண்டு தடவையா? ஸ்கேன் எடுத்த ஒவ்வொரு முறையும் ரிப்போர்ட்டின் அடியில் அதே சொல்தான் இருக்கும். மூளை நார்மல். டாக்டர் அதைச் சிரித்த முகத்தோடு படித்துக் காட்டுவார். என் கணவர் கையெடுத்துக் கும்பிடுவார். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நார்மலாக இருக்கிற மூளை எதற்காக என்னைத் தூக்கிப் போட்டு அடிக்கிறது என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "மாத்திரைய விடாம சாப்பிடுங்கம்மா" என்பதுதான் பதிலாக வந்தது.

நான் பிறந்தது கும்பகோணத்தில். கல்யாணமாகி நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வந்தேன். கணவருக்கு மைன்ஸில் கரி ஓடுகிற கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை, பெர்மனென்ட், ஷிஃப்ட் மாறி மாறி வரும். கம்பெனி குவார்ட்டர்ஸ், வாசலில் வேப்பமரம், பின்னால் கொய்யாமரம், நேர்கோடு போட்ட மாதிரி தெருக்கள். கும்பகோணத்துச் சந்துகளில் வளர்ந்த எனக்கு முதல் வருஷம் அது ஊராகவே தெரியவில்லை, யாரோ வரைந்து வைத்த படம் போல இருந்தது. இரண்டாம் வருஷம் எனக்கு வலிப்பு வந்தது.

அது எப்படி வரும் என்று சொல்லிவிடுகிறேன். முதலில் கரி வாசம் வரும். எங்கள் ஊர்ப் பழுப்புக் கரி இருக்கிறதே, அதைக் குவித்து வைத்தால் சில சமயம் யாரும் பற்றவைக்காமல் தானாகவே உள்ளுக்குள் கனன்று புகையும். ஈரமும் தீயும் கலந்த ஒரு வாசம். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் வீட்டுக்குள் வரும். அது மூக்கில் ஏறியதும் வயிற்றிலிருந்து என்னவோ மேலே எழும்பும். அப்புறம் ஒன்றும் தெரியாது. கண் விழித்தால் தரையில் கிடப்பேன், நாக்கு கடிபட்டிருக்கும், கைக்குள் யாராவது சாவிக்கொத்தைத் திணித்திருப்பார்கள். வலிப்புக்கு இரும்பு கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் அறிந்த வைத்தியம், பலன் மட்டும் யாரும் கண்டதில்லை.

ஆக, இதற்கெல்லாம் காரணம் கரிப்புகைதான் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். கும்பகோணத்தில் இருந்தவரை வராதது இங்கே வந்த பிறகுதானே வந்தது? அந்த வாசம் அடித்த பிறகுதானே விழுகிறேன்? என் அம்மா போனில் அழுவாள், "அந்த ஊர்க் காத்தே உனக்கு ஆகலடி." என் கணவர் குவார்ட்டர்ஸ் மாற்றிக் கேட்டு எழுதிப் போட்டு, ஆபீஸுக்கு நடையாய் நடந்து, அனல்மின் நிலையத்துக்குத் தள்ளி இருந்த வேறொரு பிளாக்கில் வீடு வாங்கினார். மரம் அடர்ந்த தெரு, கரிக் காற்று அந்தப் பக்கம் எப்போதாவதுதான் திரும்பும் என்றார்கள். கரி வாசம் அங்கேயும் வந்தது, வலிப்பும் வந்தது. "இங்கயும் துரத்திக்கினு வந்துடுச்சே" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் வடலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர், மனசு கலங்கினால் பேச்சு ஊர்ப் பக்கம் போய்விடும்.

மகள் பிறந்த பிறகுதான் இது என் வாழ்க்கையை என்ன செய்கிறது என்று எனக்கு உறைத்தது. அவளுக்கு நடை பழகுகிற வயசு. தோசை வார்த்துக்கொண்டிருந்தேன், அவள் என் காலடியில் கரண்டியை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். கரி வாசம் வந்தது. விழித்தபோது என் முழங்கை தோசைக்கல்லில் பட்டு வெந்திருந்தது. கல் அவள்மேல் விழவில்லை. அவ்வளவுதான், விழவில்லை. ஏன் விழவில்லை என்பதற்குக் கடவுளைத் தவிர யாரும் பதில் சொல்ல முடியாது.

அன்றிலிருந்து வீட்டில் சட்டம் மாறிவிட்டது. கணவர் ஷிஃப்டுக்குப் போனால் நானும் பிள்ளையும் பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா வீட்டில் இருக்க வேண்டும். அவர் இல்லாதபோது அடுப்பைத் தொடக்கூடாது. குளியலறைத் தாழ்ப்பாளை அவரே ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி எடுத்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா முஸ்லிம், அவள் அண்ணன்களுக்கு வடலூர் பஜாரில் துணிக்கடை. தங்கமான மனுஷி. "ஏன் மொகத்த தூக்கிக்கினு உக்காந்திருக்க? என் வூடு ஒன் வூடு இல்லியா?" என்பாள். இல்லை அக்கா, என் வீடு இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். நன்றி கெட்டவள் என்று நினைத்தாலும் பரவாயில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: நானும் என் பிள்ளையும் மட்டும் எங்கள் வீட்டில் ஒரு பொழுது இருக்க வேண்டும். காவலுக்கு யாரும் இல்லாமல், அடுப்பைப் பற்றவைத்து, அவளுக்கு ஒரு தோசை வார்த்துப் போட வேண்டும். ஊர் உலகத்தில் எல்லா அம்மாக்களும் செய்கிற காரியம் அது.

மாத்திரைகள் மாறின, எண்ணிக்கை கூடியது, என் உடம்பு ஊதியது. வலிப்பு அதுபாட்டுக்கு வந்து போனது. கடைசியில் டவுன்ஷிப் டாக்டர்தான் சொன்னார், சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் மூளைப் படங்களை கம்ப்யூட்டரை வைத்துப் படிக்கிறார்கள், நம் கண்ணுக்குத் தப்பியதை அது பிடித்தாலும் பிடிக்கும், போய்ப் பாருங்கள் என்று. எனக்குப் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. ஆனால் ஆனை கெட்டவன் குடத்துக்குள்ளும் கையை விட்டுத் தேடுவான் என்பார்கள். நாங்களும் பஸ் ஏறினோம்.

சென்னை டாக்டர் ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா. நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். "பழைய ஸ்கேன் கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார். என் கணவர் பெருமையோடு பையைத் திறந்தார். அத்தனை வருஷத்து ஃபிலிமும் பிளாஸ்டிக் கவரில், மடங்காமல், கசங்காமல். சாமி படங்களுக்குக் கீழே வைத்துக் காப்பாற்றியவை.

"இது படம்தான். கூடவே சி.டி. ஒண்ணு குடுத்திருப்பாங்களே, கம்ப்யூட்டருக்கு அதுதான் வேணும்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கணவர் மெல்லச் சொன்னார், "அத கொய்யா மரத்துல கட்டிகீறேன் மேடம். கிளி வந்து பழத்தையெல்லாம் கொத்திடுது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கிளி பயந்துச்சா?"

"பயந்தமாதிரி தெரியலைங்க."

எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். பளபளவென்று சுழலும், பறவை வராது என்று எல்லா மரத்திலும் ஒன்று தொங்கும். சினிமா சி.டி.யோடு சி.டி.யாக என் மூளையும் வருஷக்கணக்காகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. டாக்டர் சிரித்து முடித்துவிட்டு, எப்படியும் புது மெஷினில் இன்னும் நுணுக்கமாக எடுக்கத்தான் வேண்டும், கவலைப்படாதீர்கள் என்றார்.

ஸ்கேன் அறை வாசலில் டெக்னீஷியன் கேட்டார், "உடம்புல இரும்பு ஏதாவது இருக்காம்மா? ஊசி, கொக்கி, சாவி?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷம் ஊரே சேர்ந்து என் கையில் இரும்பைத் திணித்தது. இப்போது ஒரு ஹேர்பின்கூட ஆகாது என்கிறார்கள். தாலியைக் கழற்றி மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தேன். அசையாதே என்றார்கள். மெஷின் தட்டியது, இடித்தது, கூவியது. ஒரு தடவை இருமல் வந்துவிட்டது.

சில நாள் கழித்து மறுபடி போனபோது டாக்டர், "பக்கத்துக் கட்டடத்துல எங்க கம்ப்யூட்டர் டீம் உங்க படத்தப் படிச்சிட்டிருக்காங்க, முடிவு வந்ததும் சொல்றேன்" என்றார். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ.

"நான் பாக்கணும்" என்றேன்.

"என்னத்தம்மா?"

"என் தலைய. இத்தன வருஷமா எல்லாரும் பாத்துப் பாத்து நார்மல்னு சொல்றாங்க. என் தலைய நான் ஒரு தடவ பாக்கக்கூடாதா?"

கணவர் என் புடவையை இழுத்தார். டாக்டர் என்னையே பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து, "வாங்க" என்றார்.

அந்த அறையில் மார்கழிக் குளிர். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் கருப்புப் பெட்டிகள் அடுக்கடுக்காக நின்று இரைந்துகொண்டிருந்தன. என் தங்கை வயதில் ஒரு பெண், என்ஜினியராம், ஜீன்ஸ் பேண்ட்டும் குர்தாவுமாக எழுந்து நாற்காலி கொடுத்தாள். "அக்கா, பயப்பட மாட்டீங்கல்ல?" என்று கேட்டுவிட்டு எதையோ தட்டினாள்.

திரையில் ஒரு முகம் வந்தது. நிறமில்லாத, கண் மூடிய முகம். மூக்கைப் பார்த்ததும் அது நான்தான் என்று தெரிந்து உடம்பு சிலிர்த்தது. அவள் விரலை நகர்த்தினாள், தோல் போயிற்று. இன்னொரு தட்டில் எலும்பு போயிற்று. "மைன்ஸ்ல மேல்மண்ணு எடுக்கறமாதிரியே எடுக்குதுடி" என்று கணவர் என் காதில் முணுமுணுத்தார். அதற்குக் கீழே இருந்த சவ்வும் போனது. இருட்டுக்கு நடுவில் என் மூளை தனியாக நின்று மெல்லச் சுழன்றது.

வடலூர் சபையில் தைப்பூசத்தன்று ஏழு திரைகளை ஒவ்வொன்றாக விலக்கி ஜோதி காட்டுவார்கள். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நானும் பார்த்திருக்கிறேன். கடைசித் திரை விலகும்போது அத்தனை ஜனமும் ஒரு கணம் மூச்சை நிறுத்திவிடும். அந்தக் குளிர் அறையில் எனக்கு அதே மூச்சு நின்றது. என் அம்மாவின் முகம், மகள் முதலில் சிரித்த சிரிப்பு, கும்பகோணத்துக் குளத்துப் படிக்கட்டு, எனக்குத் தெரிந்த எல்லாப் பாட்டும், என் கோபம் எல்லாம் இதற்குள்ளேயா இருக்கிறது? இரண்டு கைக்குள் அடங்கிவிடும் போலிருந்தது. என்னை அறியாமல் கும்பிட்டுவிட்டேன். அந்தப் பெண் பார்க்காததுபோல் இருந்தாள், அதற்காக அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

"மூளை சுருட்டி வெச்ச புடவை மாதிரிக்கா" என்று சொல்லிக் கொடுத்தாள். "மடிப்புக்குள்ள கறை இருந்தா வெளியிலேர்ந்து தெரியாது. இப்ப பாருங்க." திரையில் மூளையின் மடிப்புகள் மெல்லப் பிரிந்தன. பள்ளங்கள் மேலே வந்தன. ஊதின பலூன்போல எல்லாம் வழவழப்பாக விரிந்து நின்றது. என் தலைக்குள் இருந்த மடிப்பையெல்லாம் ஒரு இயந்திரம் ஒரு கீறல் இல்லாமல் பிரித்து வைத்துவிட்டது. நான் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"முன்னாடியெல்லாம் ஒரு தலைக்கு இதச் செய்யக் கம்ப்யூட்டர் பகல் பூரா ராத்திரி பூரா ஓடும்கா. இப்ப நீங்க ஒரு காபி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிச்சிடுது."

"அப்படி என்ன இருக்கு அந்தப் பெட்டில?"

"பசங்க கம்ப்யூட்டர்ல கேம் ஆடறதுக்குன்னு செஞ்ச கிராஃபிக்ஸ் கார்டுங்கதான். ஒரே நேரத்துல ஆயிரக்கணக்கான கணக்கு போடும். அது இதுக்கு உதவும்னு அப்புறந்தான் கண்டுபிடிச்சாங்க."

பிள்ளைகள் துப்பாக்கி விளையாட்டு ஆடச் செய்த பொருள் என் வலிப்புக்குக் காரணம் தேடுகிறது. இதை யாரிடம் சொன்னால் நம்புவார்கள்? அவள் மேலும் சொன்னாள். ஆரோக்கியமாக இருப்பவர்களின் மூளைப் படங்களைக் கம்ப்யூட்டருக்கு ஏராளமாகக் காட்டியிருக்கிறார்களாம். வலிப்பு உள்ளவர்களின் படங்களையும், இதோ இங்கேதான் கோளாறு என்று அடையாளம் போட்டுக் காட்டியிருக்கிறார்களாம். பார்த்துப் பார்த்து, எந்த இடத்தில் மூளையின் மேல்தோல் எவ்வளவு கனம் இருக்கும் என்று அதுவே பழகிக்கொண்டதாம். என் மூளையை அங்குலம் அங்குலமாக அத்தனை மூளைகளோடும் ஒப்பிட்டு, சந்தேகப்பட்ட இடத்தில் மட்டும் சிவப்புப் பூசி வைத்திருந்தது.

மூன்று இடத்தில் சிவப்பு இருந்தது.

"அது சொன்னா சரியாத்தான் இருக்குமா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. அதுக்குச் சந்தேகப்படத்தான் தெரியும். முடிவு மேடம்தான் சொல்லணும்."

டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். முதல் இடம் ரத்தக்குழாய், ஒன்றும் இல்லை என்றார். இரண்டாவது, நான் இருமினபோது தலை ஆடிப் படம் கலங்கியதால் வந்தது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சரி, இதுவும் நார்மல் கேஸ்தான் என்று எண்ணிக்கொண்டேன். மூன்றாவது வலது பக்கம், காதுக்கு முன்னால், நன்றாக உள்ளே தள்ளி, ஒரு புளியங்கொட்டை அளவு. டாக்டர் பழையபடி சாதாரணப் படத்தைக் கொண்டுவரச் சொல்லி அந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார். பெட்டிகள் இரைந்துகொண்டிருந்தன.

"இருக்கு" என்றார். "மேல்தோல் இங்க கொஞ்சம் தடிச்சு, ஓரம் மங்கலா இருக்கு. இங்க பாருன்னு அது சொன்னப்புறந்தான் என் கண்ணுக்கே தெரியுது. அம்மா வயித்துல இருக்கும்போதே அப்படி உருவாகியிருக்கும்."

நார்மல் என்று எழுதியவர்கள்மேல் இருந்த கோபம் அந்த நிமிஷம் கொஞ்சம் இறங்கியது. அவர்கள் பொய் சொல்லவில்லை. மனுஷக் கண் எவ்வளவு பார்க்குமோ அவ்வளவு பார்த்திருக்கிறார்கள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "வலிப்பு வர்றதுக்கு முன்னாடி இல்லாத வாசனை ஏதாவது வருமா?"

"இல்லைங்க" என்றேன். இந்தக் கேள்வியை முன்பும் கேட்டிருக்கிறார்கள், அப்போதும் இதே பதில்தான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இந்த இடம் வாசனையை உணர்ற இடத்த ஒட்டி இருக்கு."

"இல்லாத வாசனை எதுவும் வராதுங்க. எங்க ஊர்க் கரி வாசம் அடிக்கும், அது எனக்கு ஒத்துக்காது, உடனே வந்துடும். அதத்தான் எல்லா டாக்டர்கிட்டயும் சொல்லியிருக்கோம்."

"ஊருக்கு வெளிய எங்கயாவது வலிப்பு வந்திருக்கா?"

வந்திருக்கிறது. கும்பகோணத்தில், என் தங்கை கல்யாணத்தில். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் மணமேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கூட்டத்தில், பூவும் சந்தனமும் ஹோமப்புகையும் மணக்கிற இடத்தில், குப்பென்று கரி வாசம் அடித்தது. "அம்மா, என் புடவைல நெய்வேலி வாசம் அடிக்குது பாரேன்" என்று முந்தானையை நீட்டினேன். அம்மா மோந்து பார்த்து, "மல்லிப்பூ வாசந்தான்டி வருது" என்றாள். அதற்கு மேல் எனக்கு நினைவில்லை. கெட்டிமேளம் கேட்க வேண்டிய நேரத்தில் நான் தரையில் கிடந்தேன். ஊருக்குத் திரும்பியதும் என்ன செய்தேன் தெரியுமா? பீரோவில் இருந்த அத்தனை புடவையையும் எடுத்து அலசி, வெயிலில் போட்டு, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தேன், கரி வாசம் ஏறிவிடக்கூடாதென்று.

இதைச் சொல்லச் சொல்லவே எனக்குப் புரிந்துவிட்டது. வேறு ஊர்க்காரியாக இருந்திருந்தால், வீட்டுக்குள் எங்கிருந்து கரி நாற்றம் வருகிறது என்று முதல் நாளே கேட்டிருப்பாள். நான் இருந்தது நெய்வேலி. எங்களுக்கு அது வாசமே இல்லை, ஊர்க் காற்று. எது வெளியிலிருந்து வந்தது, எது உள்ளிருந்து வந்தது என்று யார் பிரித்துப் பார்த்தார்கள்? பக்கத்தில் இருப்பவரிடம் உங்களுக்கும் அடிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். மூக்கே இல்லாத ஒரு இயந்திரம், நெய்வேலி என்ற ஊர் இருப்பதே தெரியாத இயந்திரம், என் மூக்கு செய்த மோசடியைக் கண்டுபிடித்துவிட்டது.

கணவர் மட்டும் மெதுவாகக் கேட்டார், "அப்ப நாம குவார்ட்டர்ஸ் மாத்தினது?"

படம் மட்டும் போதாது, வலிப்பு அங்கிருந்துதான் கிளம்புகிறது என்று நிச்சயம் பண்ண வேண்டும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் சேர்த்து, தலை முழுக்க ஒயர் ஒட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். வாசம் வந்தால் அமுக்க வேண்டும். மாத்திரையைக் குறைத்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக வலிப்பு வரட்டும் என்று காத்துக்கிடந்தேன். மூன்றாம் நாள் பகலில் நர்ஸ் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது வந்தது. ஜன்னல் திறக்காத அறை, கடலூர் மாவட்டமே பக்கத்தில் இல்லை. ஈரக்கரி கனன்று எரிகிற அதே வாசம்.

பொத்தானை அமுக்கிவிட்டுக் கேட்டேன், "சிஸ்டர், கரி வாசம் அடிக்குதா?"

"இல்லைங்கக்கா. டெட்டால் வாசந்தான் அடிக்குது."

விழித்தபோது டாக்டர் பக்கத்தில் நின்றிருந்தார். அந்தப் பெண் சிவப்பாகக் காட்டிய அதே இடத்திலிருந்துதான் மின்சாரம் கிளம்பியிருந்தது.

அந்த இடத்தை எடுத்துவிடலாம் என்றார்கள். தலையைத் திறக்க வேண்டும். வலிப்பு நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது, ஞாபகம் கொஞ்சம் பாதிக்கலாம், வாசனை குறைந்து போகலாம் என்று எதையும் மறைக்காமல் சொன்னார்கள். எனக்குப் பயமில்லை என்று சொன்னால் அது பொய். நான் அத்தனை பிரமிப்போடு பார்த்துக் கும்பிட்ட அந்தப் பொருளில் ஒரு துண்டை வெட்டி எறியப் போகிறார்கள். அந்தத் துண்டில் என்ன இருக்கும்? மகளின் ஏதாவது ஒரு நாள் இருக்குமா? ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

"வேணான்னா வேணாம். இப்பிடியே பாத்துக்கினு இருந்துடுவோம்" என்றார் கணவர்.

"எப்பிடியே? தாப்பா இல்லாத குளியலறையிலயா?"

அவர் கையிலிருந்த ஆபரேஷன் ஃபாரத்தை மடித்து மடித்துப் பிரித்தார். "வாசன போயிடும்னு சொல்றாங்களே. ஒனக்கு மல்லிப்பூன்னா உசுராச்சே."

எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சலெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, மொழம் என்ன? கையெழுத்துப் போடுங்க" என்றேன்.

ஆபரேஷன் நாளைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். வலது பக்கம் கூந்தலை எடுத்துவிட்டார்கள். விழித்ததும் மனசுக்குள் மகளின் பிறந்தநாளைச் சொல்லிப் பார்த்தேன், இருந்தது. குளத்துப் படிக்கட்டைத் தேடினேன், இருந்தது. கணவர் மல்லிப்பூவை மூக்கருகில் பிடித்துக்கொண்டு, பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவர்போல என் முகத்தையே பார்த்தார். வாசம் முன்போல ஓடிவரவில்லை, கொஞ்சம் தயங்கித் தயங்கி வந்தது. "வருது" என்றேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் போயிற்று. வலிப்பு வரவில்லை. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள், அப்போதும் வரவில்லை. கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுத் தாழ்ப்பாள் வாங்கிவந்து குளியலறையில் மாட்டினார். பக்கத்து வீட்டு அக்கா, அவள் கணவர் ரிட்டையர் ஆனதும் வடலூருக்கே போய்விட்டாள். போகும்போது என் தலையைத் தடவி, "அல்லா காப்பாத்திட்டான். ஆனாலும் சாவி எடுத்து வெச்சிக்க" என்றாள்.

வந்துவிடுமோ என்ற பயம் மட்டும் எனக்குள் அடங்கவே இல்லை. பிள்ளையோடு தனியாக இருக்கத் தொடங்கிய நாள் முதல் ஒவ்வொரு மூச்சையும் மோந்து மோந்துதான் விட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாசம் மறுபடி ஒருமுறை வந்தால் எல்லாம் வீண் என்று எனக்குத் தெரியும்.

மழை விட்ட ஒரு காலை. கணவர் முதல் ஷிஃப்டுக்குப் போயிருந்தார், கம்பெனி பஸ் போன சத்தம்கூடக் கேட்டது. மகள் கூடத்தில் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தோசை ஊற்றி ஓரத்தில் எண்ணெய் விட்டேன். அப்போது வந்தது. ஈரமும் தீயும் கலந்த அதே வாசம்.

அடுப்பை அணைத்தேன். கல்லைப் பின்னால் தள்ளினேன். சொல்லிக்கொடுத்திருந்தபடி அடுப்பைவிட்டு விலகித் தரையில் ஒருக்களித்துப் படுத்தேன். போச்சு, எல்லாம் போச்சு, தலையைத் திறந்தும் போகவில்லை, அந்தக் கருப்புப் பெட்டிகளும் சிவப்பும் கும்பிட்ட கும்பிடும் எல்லாம் வீண் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வயிற்றிலிருந்து எழும்பப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

காலடிச் சத்தம் கேட்டது. மகள் சமையலறை வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா இப்பிடி நாறுது? ஏன் கீழ படுத்திருக்க?"

"என்ன நாறுது?"

"கரி எரியறமாதிரி."

"உனக்கும் அடிக்குதா?"

"ஆமாம்மா."

"நல்லா மோந்து பாத்துச் சொல்லு."

அவள் கையை எடுத்துவிட்டு, எனக்காகப் பெரிதாக ஒரு மூச்சு இழுத்தாள். முகம் கோணியது. "ஐயே, கரி நாத்தந்தான். காத்து இந்தப் பக்கம் திரும்பிடுச்சு போல. ஜன்னல சாத்தட்டா?"

தரையில் கிடந்தபடியே அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஊரில் எல்லோருக்கும் அடிக்கிற வாசம் எனக்கும் அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, கல்லை முன்னால் இழுத்தேன். ஜன்னலைச் சாத்த வேண்டாம் என்றேன்.